அளவெடுக்காத பிரேக்

மறுநாள் காலை மகள் பழைய காரை ஓட்டிக்கொண்டு மலைமேல் முதல் வேலைக்குப் போகிறாள். அதன் முன் பிரேக் தேய்ந்து கிறீச்சிட்டதைக் கேட்டதிலிருந்து தையல்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெரிய காரின் பிரேக்கை வாங்கி வந்து, மெக்கானிக் மைத்துனனிடம் மாட்டச் சொன்னார்.

மாட்டிய பிறகுதான் தெரிந்தது, பழைய சக்கரம் அதற்குமேல் ஏறவில்லை.

"ஊருக்கே அளவெடுக்கிறீங்க. இதுக்கு எடுக்கலையா மாமா?"

"துணின்னா பெருசா இருந்தா பிடிச்சுத் தைச்சுக்கலாம் மாப்ள. அதே நெனப்புல வாங்கிட்டேன்."

கழற்றிய பழைய பிரேக் தட்டோ மறுபடி மாட்ட முடியாதபடி பிளேடாய் மெலிந்திருந்தது. கடைகள் மூடியாயிற்று. தையல்காரர் வாசலுக்கும் காருக்குமாக அலைந்தார்.

மைத்துனன் தன் காரின் பெரிய சக்கரங்களைக் கழற்றி இதில் பூட்டினான்.

"உன் கார்?"

"செங்கல்மேல நிக்கட்டும். எனக்கும் அவ பொண்ணு மாதிரிதானே?"

தையல்காரரின் கண் நிறைந்தது.

காலையில் கார் தெருமுனைச் சரிவை நெருங்கியபோது, வாசலில் நின்ற அவரது வலது கால் தரையை அழுத்தியது. கார் சத்தமின்றி நின்றது. பிறகு திரும்பி மறைந்தது. அவர் காலை எடுக்கவில்லை.

"போதும் மாமா, அவ பிரேக் போட்டுக்குவா," என்றான் மைத்துனன்.