முடிச்சுட்டுக் கேக்குறேன்

“...இன்னும் நாலு த்ரெட் சேத்தா அதுவும் போய் அங்கதான் நிக்கும். நக்கோ தம்பி” என்று மேனேஜரைத் தடுத்தார் அந்த அம்மா.

கொண்டாப்பூரில் எங்கள் அலுவலகத்துக்கு, கணினிச் சிக்கல்களைத் தீர்க்க உதவிக்கு வந்திருந்தவர். குட்டையாக வெட்டிய நரைமுடி, உருது கலந்த இந்த ஊர் ரயில்வே காலனித் தமிழ். சாப்பாட்டில் யாராவது பரிமாற வந்தால் தட்டின் மேல் கையை விரித்துவிடுவார். “முடிச்சுட்டு நானே கேக்குறேன்” என்பார்.

அன்று காலை பண்டிகை பஸ் டிக்கெட் விற்பனை தொடங்கியது. முன்பதிவுகள் வெள்ளமாக வர, பணத்தைச் சரிபார்க்கும் சர்வர் திணறியது. வேலையாட்களைப் போல முன்பதிவுகளை ஆளுக்கொன்றாகக் கையாளும் த்ரெட்கள் எல்லாம் அதன் பதிலுக்காக வேலையின்றி நின்றன. தளம் விழுந்தால் பஸ் கம்பெனியுடனான எங்கள் ஒப்பந்தமும் போய்விடும்.

“அனுப்புறவனுக்கு வேகம் இருந்து என்ன, வாங்குறவனுக்கு வாய் ஒண்ணுதானே” என்றார். பணச் சர்வர் கேட்டால் மட்டுமே அடுத்த முன்பதிவு அதற்குப் போகும்படி மாற்றினார். மற்றவர்களுக்குத் திரையில் ‘சற்றுக் காத்திருங்கள்’ என்று வந்தது.

“காக்க வச்சா ஓடிருவாங்க மேடம்” என்றார் மேனேஜர்.

“பூட்டின கடைக்கு வரிசை நிக்கிற கடை மேல் தம்பி.”

நின்றிருந்த த்ரெட்கள் ஒவ்வொன்றாக நகரத் தொடங்கின. டிக்கெட்டுகள் பதிவாகிக்கொண்டே இருந்தன. நாங்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கைதட்டினோம்.

மதியம் மேனேஜர் டபுள் கா மீட்டா என்னும் ரொட்டி இனிப்பு வாங்கிவந்து, கரண்டியோடு அவரிடம்தான் முதலில் ஓடினார். தட்டில் பிரியாணி மிச்சமிருந்தது, கை விரிந்தது. அவர் நிதானமாகச் சாப்பிட்டு முடிக்கும்வரை மேனேஜர் கரண்டியோடு நின்றார். பிறகு அந்த அம்மா தட்டைத் தானே நீட்டினார்.