ராணி மாளிகையை நகர்த்திய மாமா

எங்கள் மாமாவைப் பற்றி யாராவது எழுதியே ஆக வேண்டும். வேறு யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை, அதனால் நான் உட்கார்ந்துவிட்டேன். வேகமாக எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், தலைநகரைச் சுற்றிக் காட்டும் பஸ்ஸின் டிரைவர். கூரையில்லாத மாடி பஸ். மேலே சுற்றுலாக்காரர்களும் கண்டக்டர் அக்காவும், கீழே மாமாவும் ஒரு பெட்டியும். அந்தப் பெட்டியில்தான் ஊரின் வரலாறு முழுக்க இருக்கிறது. பஸ் கிளம்பும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் கனத்த ஆண்குரல் ஒன்று ஒலிபெருக்கியில் பேச ஆரம்பிக்கும். பழைய நீதிமன்றம், சிறைச்சாலை, ராணி மாளிகை, மணிக்கூண்டு, சட்டமன்றம், வெற்றி வளைவு என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போகும். நடுவில் நிறுத்த வழியில்லை. அதே பொத்தானை மறுபடி அழுத்தினால் "அன்பான விருந்தினர்களே" என்று முதலிலிருந்து தொடங்கும்.

ஆகவே பெட்டி பஸ்ஸுக்குக் காத்திருக்காது. பஸ்தான் பெட்டியோடு போக வேண்டும். குரல் "இதோ உங்கள் வலப்பக்கம்" என்று சொல்லும் நொடியில் வலப்பக்கம் அந்தக் கட்டடம் இருந்தாக வேண்டும். மற்ற டிரைவர்கள் ஓட்டும்போது நீதிமன்றம் என்று சொன்னால் வாழைப்பழக் கடை தெரியும். மாமா ஓட்டினால் நீதிமன்றம்தான் தெரியும். எந்த சிக்னலில் எவ்வளவு இழுக்க வேண்டும், எந்த வளைவில் விட்டுப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் காலுக்குத் தெரியும். மணிக்கூண்டு அருகே அந்தக் குரல் ஒரு ஜோக் சொல்லும். சொல்லிவிட்டு, மக்கள் சிரித்து முடிக்கட்டும் என்று கொஞ்சம் இடைவெளி விடும். இதுவரை யாரும் சிரித்ததில்லை. ஆனாலும் மாமா அங்கே வண்டியை மெதுவாக்குவார். சிரிக்க நினைப்பவர்களுக்கு அவகாசம் கொடுக்க வேண்டுமல்லவா.

வீட்டிலும் அப்படித்தான். "உப்பு எங்கண்ணா?" என்று அம்மா கேட்டால், "உன் இடப்பக்கம், மேல் தட்டு" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார். நாள் முழுக்கப் பெட்டி பேசுகிறதே, போதாதா?

இப்போது பெரியம்மா. அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவள். மாமாவோடு நான்கு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. பெரியப்பா இறந்த அன்று மாமா வந்தார், யூனிபார்மிலேயே வந்தார், ஒரு மூலையில் நின்றார், அழக்கூடச் செய்தார். பிறகு மணியைப் பார்த்தார். "அக்கா, ஒரு ட்ரிப் இருக்கு, ஆள் ஏத்திட்டாங்க" என்றார். பெரியப்பாவைத் தூக்கும்போது அவர் அங்கே இல்லை. வெற்றி வளைவுக்குப் பக்கத்தில் இருந்தார்.

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அந்த நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல், தெரிந்த ஒன்றைச் செய்யப் போய்விட்டார். இது எனக்குப் புரிகிறது, அம்மாவுக்குப் புரிகிறது. பெரியம்மாவுக்கு ஏன் புரிய வேண்டும்? புரியவில்லை.

இந்த நிலைமையில்தான் பெரிய சாலையைத் தோண்டினார்கள், குடிநீர்க் குழாய் போட. பஸ்ஸைப் பின்தெரு வழியாகத் திருப்பிவிட்டார்கள். நீதிமன்றத்தைத் தாண்டியதும் திரும்பி, கல்யாணப் பதிவு அலுவலகம், அடுத்துக் கொஞ்சம் வீடுகள், பெட்ரோல் பங்க், அப்புறம் மறுபடி பெரிய சாலை. பெட்டிக்கு இதெல்லாம் தெரியாது. அது பாட்டுக்குப் பேசியது. மேனேஜரிடம் மாமா கேட்டதற்கு, "பதிவை மாத்தணும்னா மேலிடத்துல அனுமதி வாங்கணும். அது வர்றதுக்குள்ள பள்ளத்தை மூடிடுவாங்க. நீங்க ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டார்.

மாமா ஓட்டினார். வரலாறு ஊர் முழுக்க இடம் மாறியது. சட்டமன்றம் ஒரு தையல்கடைக்குப் போனது. வெற்றி வளைவு பெட்ரோல் பங்க்குக்கு வந்தது. யாரும் புகார் செய்யவில்லை. ஊரிலேயே நன்றாகப் பராமரிக்கப்படும் சின்னம் வெற்றி வளைவுதான், வெளிச்சம் அருமை என்று ஒரு பயணி பாராட்டி எழுதிக் கொடுத்துவிட்டே போனார்.

அந்தப் பின்தெருவில், முதல் மாடியில், பெரியப்பா போன பிறகு பெரியம்மா குடிவந்த வீடு. மாடி பஸ்ஸில் உட்கார்ந்தால் அவள் பால்கனி நேருக்கு நேர். அம்மாவுக்குப் போன் வந்தது.

"உன் அண்ணன் என் வீட்டைச் சிறைச்சாலைன்னு மைக் போட்டுச் சொல்லிட்டுப் போறான்டி."

"அக்கா, அது ரெக்கார்டு."

"ரெக்கார்டு என்ன தானா ஓடுதா? வண்டிய ஓட்றது யாரு?"

"அப்படி என்னதான் சொல்லுது?"

"'நகரின் மிகக் கொடிய சிறைச்சாலை. இதற்குள் நுழைந்தவர் எவரும் பின்னர் சிரித்ததாக வரலாறு இல்லை.' நான் துணி காயப் போட்டுட்டு நிக்கறேன். அத்தனை பேரும் திரும்பி என்னையே பாக்கறாங்க. ஒருத்தி கண்ணத் தொடைக்கறா. ஒரு ஆளு எம்பி எனக்கு பிஸ்கட் பாக்கெட் குடுக்கப் பாத்தான்டி!"

"வாங்கிக்கிட்டியா?"

"போனை வை."

அன்று இரவு அம்மா மாமாவிடம் சொன்னாள். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது.

"அக்கா வீடா அது?"

"பின்ன? நாலு வருஷமா அந்தப் பக்கமே போகல நீ, உனக்கெப்படித் தெரியும்? பால்கனிக்குக் கம்பி போட்டுருக்காங்க இப்போ."

"அதான் சிறைன்னு நம்பறாங்க," என்றார் மாமா.

"அண்ணா! நேரா போயி ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்? வாய்க்குள்ள என்ன, முத்தா கெடக்கு?"

"எனக்கு ஓட்டத்தான் வரும்," என்று சொல்லிக் கையைக் கழுவினார்.

மறுநாள் கண்டக்டர் அக்கா கவனித்திருக்கிறார். நீதிமன்றத்தைத் தாண்டித் திரும்பியதும் பஸ் ஊர்ந்தது. பின்னால் வந்த சைக்கிள்காரர் முந்திக்கொண்டு போனார். முந்தும்போது, "தள்ளி விடணுமா?" என்று கேட்டாராம். கல்யாணப் பதிவு அலுவலக வாசலில் பஸ் கிட்டத்தட்ட நின்றேவிட்டது. சிறைச்சாலை முழுவதும் அங்கேயே சொல்லி முடிக்கப்பட்டது. பிறகு மாமா மெல்ல உருட்டிக்கொண்டு போனார். சரியாகப் பெரியம்மா வீட்டு முன்னால் குரல் சொன்னது:

"கணவரை இழந்த பின்பும் கலங்காமல் இந்நகரைத் தாங்கிய பேரரசி வாழ்ந்த மாளிகை இது. இன்றும் இந்தச் சாளரத்தைக் கடப்பவர்கள் தலைவணங்கிச் செல்கிறார்கள்."

மேலே இருந்தவர்கள் தலைவணங்கினார்கள். பெரியம்மா கையில் ஈரப் போர்வையோடு நின்றிருந்தாள். கீழே மாமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவளுக்கு அது தெரிந்திருக்காது.

இதை முதல்முறை கேட்டபோது நான் எழுந்து அறைக்குள் போய்விட்டேன். ஒரு மனிதருக்கு மன்னிப்புக் கேட்க வார்த்தை வரவில்லை. அதனால் ஒரு மாளிகையையே நகர்த்திக் கொண்டுவந்து அக்கா வீட்டு வாசலில் வைக்கிறார்! நம்மில் யார் செய்வோம்?

பெரியம்மா உள்ளே போய்ப் பால்கனிக் கதவை அறைந்து சாத்தினாள். அடுத்த ட்ரிப்புக்கும் சாத்தினாள். வாரக் கடைசியில் போன் வந்தது.

"இப்போ ராணியாம்."

"கோபமாக்கா?"

"கோபம்தான். அந்த மூணு மணி வண்டி மட்டும் ஏன் லேட்டா வருதுன்னு கேளு. அடுப்புல வெச்சுட்டு வந்து நிக்க வேண்டியிருக்கு."

இப்படியே ஒரு மாதம் போயிற்று. போர்வை காயும் இடம் மாறியது. பூந்தொட்டிகள் முன்னால் வந்தன. பெரியம்மா சிரிக்கவும் இல்லை, கையாட்டவும் இல்லை. ராணிகள் அப்படியெல்லாம் செய்ய மாட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னாளாம். ஆனால் பேச்சு? அது இல்லை. "பெட்டி பேசுது. அவன் பேசினானா?" என்பாள்.

இதற்கிடையில் பதிவு அலுவலகத்திலிருந்து புகார் வந்தது. தினமும் பஸ் ஒன்று வாசலில் நின்று, இதற்குள் நுழைந்தவர் எவரும் சிரித்ததில்லை என்று அறிவித்துவிட்டுப் போகிறது. ஒரு ஜோடி படியிலேயே நின்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள், தயவுசெய்து நடவடிக்கை எடுக்கவும். மேனேஜர் மாமாவைக் கூப்பிட்டார்.

"இன்னொரு புகார் வந்துச்சுன்னா ஏர்போர்ட் பஸ்ஸுக்கு மாத்திடுவேன். அதுல பெட்டியே கிடையாது. பரவாயில்லையா?"

மாமாவுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. பெட்டி இல்லாத பஸ் என்றால் அவருக்கு அது வெறும் வண்டி. "சரி சார்" என்றார். அப்போதுதான் மேனேஜர் நல்ல செய்தியும் சொன்னார். பள்ளத்தை மூடிவிட்டார்கள், இன்று சாயங்காலத்திலிருந்து பழைய வழி.

ஆக அன்று மூன்று மணி ட்ரிப்தான் பின்தெருவில் கடைசி. அம்மா பெரியம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள். பெரியம்மா "அப்படியா" என்று மட்டும் சொன்னாள். அன்று நல்ல புடவை கட்டியிருந்தாள். காயப்போடத் துணி எதுவும் இல்லை. சும்மா நின்றாள்.

மாமா திரும்பினார். பதிவு அலுவலகத்துக்கு முன்னால் ஒரு லாரி, தெருவை அடைத்துக்கொண்டு. மிச்சக் குழாய்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சிறைச்சாலை முடிந்தது. லாரி நகரவில்லை. மாமா ஹாரன் அடித்தார். இது அவர் வழக்கமில்லை. பெட்டி பேசிக்கொண்டே இருந்தது. கணவரை இழந்த பின்பும் கலங்காமல் இந்நகரைத் தாங்கிய பேரரசி, அந்த லாரியின் பின்பக்கத்துக்குச் சொல்லி முடிக்கப்பட்டாள். பயணிகள் குழாய்களைப் பார்த்துத் தலைவணங்கினார்கள்.

லாரி போனது. அடுத்தது மணிக்கூண்டு. "பல ஆண்டுகளாகப் பழுதுபட்டு நிற்கும் இதனை" என்று தொடங்கும். பால்கனி கண்ணுக்குத் தெரிகிறது. அக்கா நிற்கிறாள். மாமா குனிந்து பெட்டியின் வயரைப் பிடுங்கினார்.

ஊர் அமைதியானது. மாமா பெரியம்மா வீட்டு முன்னால் பஸ்ஸை நிறுத்தினார், எஞ்சினை அணைத்தார், இறங்கினார். நடுத்தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"அக்கா."

பெரியம்மா கம்பியைப் பிடித்துக் குனிந்தாள். "என்ன, ராணி இன்னைக்கு லீவா?"

"லாரி வந்துடுச்சு."

"ம்."

"அக்கா... அன்னைக்கு நான் போயிருக்கக் கூடாது."

மேலே அத்தனை சுற்றுலாக்காரர்களும் பால்கனியையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இது எந்தச் சின்னம் என்று ஒருவர் கண்டக்டர் அக்காவைக் கேட்டார். அவர் உதட்டில் விரல் வைத்துவிட்டார்.

"பின்னாடி கார்க்காரன் ஹாரன் அடிக்கறான்டா," என்றாள் பெரியம்மா.

"அடிக்கட்டும்."

"உன் ஆளுங்க வெயில்ல காயறாங்க."

"காயட்டும். அத்தான் போன அன்னைக்கு எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியலக்கா. வண்டி ஓட்டப் போயிட்டேன். போயிருக்கக் கூடாது." மாமா வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசியதில் இதுதான் அதிகம் என்கிறாள் அம்மா.

பெரியம்மா உள்ளே போனாள். கதவு பூட்டும் சத்தம். பிறகு கீழ்வாசலில் வந்து நின்றாள், தோளில் கைப்பையோடு.

"மேல எடம் இருக்கா?"

கண்டக்டர் அக்கா பழக்கதோஷத்தில், "டிக்கெட் ஸ்டாப்லதான் குடுப்போம்" என்று ஆரம்பித்தார். பெரியம்மா அவரைப் பார்த்தாள். அவர் வழிவிட்டார்.

பெட்டி இல்லாமல் பஸ் கிளம்பியது. பயணிகளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஒருவர் இது என்ன, அது என்ன என்று கேட்க ஆரம்பித்தார். பெரியம்மா பதில் சொன்னாள். "அதுவா, மணிக்கூண்டு. அதப் பாத்து நம்பி நான் பரீட்சைய விட்டேன். இது சட்டமன்றம். உள்ள நல்லா தூக்கம் வரும், எங்க வீட்டுக்காரரு அங்க லைட் மாட்டப் போயி பாத்திருக்காரு. அது வளைவு, மழைக்கு ஒதுங்கலாம், ஒரு பக்கம் ஒழுகும்." கண்டக்டர் அக்கா சத்தியம் செய்கிறார், அன்றுதான் அந்த பஸ்ஸில் முதல்முறையாக மக்கள் சிரித்தார்கள்.

பின்னால் நின்ற கார் பதிவு அலுவலக அதிகாரியுடையதாம். அடுத்த வாரத்திலிருந்து மாமா ஏர்போர்ட் பஸ். அதை அன்றே போனில் சொல்லிவிட்டார்கள். மாமா "சரி சார்" என்று வைத்துவிட்டார்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். பெரியம்மா இறங்கவில்லை. மாமா எஞ்சினை அணைத்தார். பிறகு மாடிக்கு ஏறினார். இத்தனை வருஷத்தில் வண்டி ஓடும் நாளில் அவர் மேலே உட்கார்ந்ததே இல்லை. அக்காவுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

"அவரை யார் யார் தூக்குனாங்கன்னு உனக்குத் தெரியுமாடா?"

"தெரியாதுக்கா. யாரையும் கேக்கல."

கீழே அடுத்த ட்ரிப்புக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். கண்டக்டர் அக்கா படிக்கட்டின் குறுக்கே சங்கிலியை மாட்டிவிட்டு, வண்டி ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீ அந்தப் பக்கம் போன, இந்தப் பக்கம் மழை வர்ற மாதிரி இருட்டிக்கிட்டு வந்துச்சு," என்று பெரியம்மா ஆரம்பித்தாள். மாமா தொப்பியைக் கழற்றிவிட்டு, அவள் பக்கமாக நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.