ஒக்வேரா சேர முடியாத சங்கம்

கிட்கும் சந்தையில் எள் விழுது விற்கும் ஃபில்டா அடோகொராச் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. ஆனால் ஒருவனை அவள் எப்படிப் பழிவாங்கினாள் என்பது எனக்குத் தெரியும். அதற்கான தாள்களைத் தட்டச்சு செய்து கொடுத்தவள் நான்தான்.

சண்டைக் காலத்தில் கிளர்ச்சிக்காரர்கள் அவளுடைய மூத்தவன் ஒச்சீராவைப் பிடித்துப் போனார்கள். பதினோரு வயது. அவன் திரும்பவில்லை. அதேபோல் பிள்ளையைப் பறிகொடுத்த பதிமூன்று பெண்களை ஃபில்டா தேடிப் பிடித்து, ஞாயிறுதோறும் மாவு மில்லின் பின்கொட்டகையில் கூட்டினாள். சேர்ந்து அழுதார்கள், ஒருவர் வயலை எல்லோருமாகக் கொத்தினார்கள். ‘மறக்காத தாய்மார்’ என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள்.

ஜஸ்டின் ஒக்வேரா, உதவிப் பணம் கொடுக்க வரும் வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு மொழிபெயர்ப்பவன். ஒரு ஞாயிறு அங்கே வந்தான். பெயர்களை எழுதிக்கொண்டான். மகனின் சட்டையை மடியில் வைத்து ஃபில்டா அழுததைப் படமெடுத்தான். ஆறே மாதத்தில் பெரிய சாலையில் ஓர் அலுவலகம் முளைத்தது. பலகையில் ‘மறக்காத தாய்மார்’ என்ற பெயர், அதன் கீழே சட்டையோடு அழும் ஃபில்டா, அதற்கும் கீழே ‘இயக்குநர்: ஜ. ஒக்வேரா’.

நியாயம் கேட்கப் போனவளை வாசலிலேயே நிறுத்தினான்.

“இதெல்லாம் படிச்சவங்க பாக்குற வேலைம்மா. நீங்க போய் எள்ளை அரைங்க.”

காவலாளி சிரித்தான். அவள் நேராக என் தட்டச்சுக் கடைக்கு வந்தாள்.

“ஏ அச்சீரோ, அவன் கடுதாசியெல்லாம் நீதானே அடிச்சுக் குடுக்குற?”

“ஆமாம்மா,” என்றேன், தலை நிமிராமல்.

“அந்தப் பேரை கவர்மெண்டுல பதிஞ்சிருக்கானா?”

யோசித்தேன். விருந்தாளிகளிடம் பணம் கேட்டு அவனுக்கு எத்தனையோ கடிதம் அடித்திருக்கிறேன், பதிவுக்கு ஒரு விண்ணப்பம்கூட அடித்ததில்லை.

“இல்லம்மா.”

“அப்ப நாம பதிவோம். உக்காரு, அடி.”

சங்க விதிகளில் ஆறு எளிதாக முடிந்தன. ஏழாவதை அவளே சொன்னாள்: “ஜஸ்டின் ஒக்வேராங்கிற திருடன் சாகுற வரைக்கும் இந்தச் சங்கத்துல சேரக் கூடாது.” நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அப்படியே அடித்துக் கொடுத்தேன்.

கம்பாலாவுக்கு ஒரு நாள் பேருந்துப் பயணம். பதிவு அலுவலகப் பெண்மணி தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“விதியில ஒருத்தன் பேரைப் போட்டுத் திட்டக் கூடாதும்மா. மாத்திட்டு வாங்க. மாவட்டத்துல பரிந்துரைக் கடிதமும் வேணும்.”

மாவட்ட அதிகாரியின் கதவடியில் ஏழு வாரம் உட்கார்ந்து கடிதம் வாங்கினாள். ஏழாவது விதியையும் மாற்றினாள். ‘உறுப்பினரின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் காட்டிப் பிழைத்த எவரும் இச்சங்கத்தில் ஒருநாளும் சேர முடியாது.’ பதினான்கு பேரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். மூன்றாவது பயணத்தில் சான்றிதழ் கைக்கு வந்தது. அதை யாரிடமும் காட்டாமல் காத்திருந்தாள்.

அந்த வருடக் கடைசியில், மேற்கொண்டு பணம் தர விருந்தாளிகள் ஒக்வேராவிடம் பதிவுச் சான்றிதழ் கேட்டார்கள். அவசரமாக விண்ணப்பித்தான். அந்தப் பெயர் ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்றும், யார் பெயரில் என்றும் பதில் வந்தது.

சந்தைக்கு ஓடி வந்தான். அவனை வெயிலில் நிற்க வைத்துவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் நிதானமாக விழுது அள்ளிக் கொடுத்தாள் ஃபில்டா.

“அம்மா, நமக்குள்ள எதுக்கு சண்டை? நீங்களே தலைவியா இருங்க. என்னை ஒரு உறுப்பினரா மட்டும் சேத்துக்குங்க, போதும்.”

ஃபில்டா விதிகளின் தாளை எடுத்து நீட்டினாள். “படிச்சவன்தானே? ஏழாவதைப் படி.”

முணுமுணுத்தான்.

“சத்தமா. மீன்காரிக்குக் கேக்கல.”

படித்தான். பாதியில் குரல் இறங்கிவிட்டது.

“யாருப்பா அந்தப் பொழப்பு பொழைச்சது?” என்று மீன்காரி கேட்டாள். வரிசை முழுக்கச் சிரித்தது.

“பலகையை நீயே எறக்கணும்,” என்றாள் ஃபில்டா. “கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது. சந்தை நாளன்னைக்கு, எல்லாரும் பாக்க. இல்லேன்னா இந்தச் சான்றிதழோட போலீசுக்குப் போறேன்.”

சனிக்கிழமை ஏணியில் ஏறினான். எதிரே பதினான்கு தாய்மாரும் நின்றார்கள். ஆணி ஒன்று வராமல் அரைமணி நேரம் தவித்தான். ஒருத்தியும் நகரவில்லை.

திரும்பும்போது கேட்டேன்: “இப்பவாவது மனசு ஆறுச்சாம்மா?”

“என் புள்ளையைத் தூக்கிட்டுப் போனவன் மூஞ்சி எனக்குத் தெரியாது. இவன் மூஞ்சி தெரியும். ரெண்டுக்கும் சேத்து இவன்கிட்டதான் வாங்கணும்.”

மறுவருடம் அவன் லீராவில் வேறு பெயரில் அலுவலகம் திறந்ததாகக் கேள்விப்பட்டோம். அவன் செய்ததையெல்லாம் எழுதி அந்த ஊர் அதிகாரிக்கு அனுப்பச் சொன்னாள். போதும்மா, விட்டுவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவனுக்காக நான் அடித்த கடிதங்களைப் பற்றி அவள் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. பேசாமல் இயந்திரத்தில் தாளைச் செருகினேன்.