அரைச்சுற்று

அந்த வீட்டு வாசல் கதவு ஒரு காலத்தில் திறக்கும்போதெல்லாம் கீச்சென்று கத்தும். வீட்டுக்காரன் ஒருநாள் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக வந்தான். கீலில் இருந்த திருகாணியை அரைச்சுற்று முடுக்கினான். கத்தல் நின்றது. கதவும் நின்றது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் பின்பக்கமாகத்தான் போகவும் வரவும். கேட்டால், "இப்ப சத்தம் வருதா? வரலைல்ல, அப்புறம் என்ன?" என்பான்.

குழாய் சொட்டினாலும் அரைச்சுற்று, மின்விசிறி ஆடினாலும் அரைச்சுற்று. அந்தக் குழாயைத் திறக்க இப்போது இரண்டு கை வேண்டும், கூடவே கொஞ்சம் கோபமும் வேண்டும். மின்விசிறி ஏதோ நமக்கு உபகாரம் பண்ணுவதுபோலச் சுற்றுகிறது. தெருவில் அவனுக்குப் பேரே 'அரைச்சுத்து' என்று ஆகிவிட்டது. அதைத் தன் கைத்திறமைக்குக் கிடைத்த பட்டம் என்று நினைத்து அவன் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்ட ஆள்.

இவன் வீட்டோடு இருந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இவனைக் கொண்டுபோய் அடுத்தவர் மூச்சுக்குக் காவல் வைத்தார்கள், அதுதான் கதை.

கடலோரத்தில் முக்குளிப்புக் கடை ஒன்று. வருகிறவர்களுக்கு முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டி, கடலுக்கு அடியில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிக் கூட்டிவருவார்கள். கூட்டிப்போகிற வழிகாட்டி இவன் மனைவி. கடையின் பின்கட்டில், கரை ஏறிய சாமான்களை மூன்று தொட்டி நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போடுவது அவளுடைய அக்கா. பழைய மெக்கானிக்கம்மா தன் மகள் இருக்கிற ஊருக்குப் போய்விட, ஆள் கிடைக்காமல் முதலாளி தவித்தபோது, "என் வீட்டுக்காரருக்குக் கை வேலை வரும் சார்" என்று தங்கை வாயை விட்டாள். அவள் வாழ்நாளில் பேசிய மோசமான வாக்கியம் அது. கட்டினவனை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை, பாவம்.

இரண்டு நாள் பயிற்சிக்குப் போனான். கொடுத்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினான். கொடுத்த புத்தகத்தை ஆடுகிற மேஜைக்காலுக்கு முட்டுக் கொடுத்தான்.

அவன் பார்க்கவேண்டிய சாமான் ரெகுலேட்டர். அதில் இரண்டு பாகம். சிலிண்டருக்குள் இருக்கிற காற்று வெறிபிடித்த காற்று; சிலிண்டரின் கழுத்தில் மாட்டுகிற பாகம் அதை அடக்கிக் குழாய்க்குள் விடும். வாயில் கவ்வுகிற பாகம், இழுக்கும்போது மட்டும் மூச்சாகக் கொடுக்கும். கழுத்துப் பாகத்துக்குள் மாத்திரை அளவில் ஒரு வெள்ளை அடைப்பான் இருக்கிறது. அதில் குழி விழுந்தால் காற்று கொஞ்சங் கொஞ்சமாகக் கசிந்து குழாயில் அழுத்தம் ஏறும். வாய்ப்பாகம் உஸ்ஸென்று சீறத் தொடங்கும். பிரித்து, துடைத்து, அடைப்பானை மாற்றவேண்டும். அரை நாள் வேலை. மாற்றிய பிறகு பழைய மெக்கானிக்கம்மா ஒரு அழுத்தமானியை மாட்டிவிட்டு டீ குடிக்க உட்காருவாள். முள் ஒன்பதரையில் நிற்கவேண்டும். டீயைக் கையில் வாங்கும்போது நின்றால் போதாது, டம்ளரைக் கவிழ்க்கும்போதும் அங்கேயே நிற்கவேண்டும். அந்த டீயைப் போட்டுக் கொடுத்தது அக்காதான் என்பதால் அவளுக்கு இது தெரியும்.

இவனுக்கு டீ குடிக்கத் தெரியும். முள்ளைப் பார்க்கத்தான் பொறுமை இல்லை. சீறுகிறதா? வாய்ப்பாகத்துக்குள் சுருள்வில்லை இறுக்குகிற திருகாணி இருக்கிறது. அரைச்சுற்று. சீற்றம் நின்றது. "சர்வீஸ் முடிந்தது" என்று மஞ்சள் சீட்டைக் கட்டி ஆணியில் தொங்கவிட்டான். உள்ளே குழி அப்படியே இருக்கிறது, அழுத்தம் அப்படியே ஏறுகிறது, வெளியே மட்டும் வாயைப் பொத்தியாகிவிட்டது.

குழி எப்படி விழுந்தது? அதற்கும் இவனேதான் காரணம். தொட்டியில் அமுக்குவதற்கு முன் கழுத்துப் பாகத்துக்கு மூடி போடவேண்டும், தண்ணீருக்குள் வாய்ப்பாகத்தின் பொத்தானை அமுக்கக் கூடாது. அமுக்கினால், சாமான்களின் உப்புக் கரைந்த தொட்டித் தண்ணீர் குழாய் வழியாக உள்ளே ஏறி அடைப்பானை அரிக்கும். அலசுவது அக்கா வேலை என்றாலும் இவன் நடுவில் வந்து கை வைப்பான்; மூடியைப் போடமாட்டான், பொத்தானை மட்டும் கட்டாயம் அமுக்குவான்.

"மாப்பிள்ளை, அதை அமுக்காதீங்க" என்பாள் அக்கா.

"உள்ளயும் கழுவ வேண்டாமா அண்ணி? நீங்க சட்டிய வெளிய மட்டும்தான் தேய்ப்பீங்களா?" என்று, பெரிய நகைச்சுவை சொல்லிவிட்டவன்போல் நாலு பேரைத் திரும்பிப் பார்ப்பான்.

தான் மட்டும் கடலில் கால் நனைத்ததில்லை. காது சரியில்லையாம். கூப்பிடும்போது கேட்காத காது, சாப்பாட்டுத் தட்டு வைக்கிற ஓசை மட்டும் தெருமுனையிலிருந்தே கேட்கும்.

ஒரு மாதமாகத் தங்கை கரையேறும்போதெல்லாம் தலையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கூட வந்தவர்கள் சிலிண்டரில் பாதிக் காற்று இருக்கும்போதே அவளுடையது தீர்ந்துவிடுகிறது. முதலாளி இரண்டு முறை பொறுத்தார். மூன்றாவது முறை, "வழிகாட்டியே முதல்ல மேல வந்தா வர்றவங்க என்னம்மா நினைப்பாங்க? நாளைக்கு முப்பது மீட்டர், கப்பல் கிடக்கிற இடம். அதையும் பார்ப்போம். சரியா வரலைன்னா நீ கரையில டிக்கெட் கிழி" என்றார்.

புருஷனிடம் சொன்னாள். அவன் சட்டென்று நிபுணனாகிவிட்டான். "நீ பயப்படுற. பயந்தா மூச்சு வேகமா போகும். தைரியமா இரு."

பதினோரு வருஷமாகக் கடலுக்கடியில் நடமாடுகிறவளுக்கு, வாளித்தண்ணீரில் முகம் கழுவுகிறவன் சொன்ன புத்திமதி இது. அவளும் கேட்டுக்கொண்டாள். கேட்டதோடு, தனக்கு வயசாகிவிட்டதோ என்று அக்காவிடம் போய் அழுதாள். அதுதான் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அலசி முடித்ததும் தங்கையின் ரெகுலேட்டரைச் சிலிண்டரில் மாட்டி, அக்கா தன் வாயில் வைத்து இழுத்துப் பார்த்தாள். ஈரத்துணி வழியாக இழுப்பதுபோல் இருந்தது. நின்ற இடத்திலேயே நாலு மூச்சில் கழுத்து நரம்பு புடைத்தது. இப்படி முக்கி முக்கி இழுத்தால் தலையும் வலிக்கும், காற்றும் சீக்கிரம் தீரும். நாளைக்கு முப்பது மீட்டர் ஆழத்தில் இதைக் கவ்விக்கொண்டா என் பெண் நீந்தப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டே சிலிண்டரை மூடினாள். தங்கைதான், ஆனாலும் தூக்கி வளர்த்தது இவள். பட்டறையில் அவன் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். வெள்ளை அடைப்பான்கள், பிரிக்காத பாக்கெட்டுகளாகத் தூசி படிந்து கிடந்தன. அடியில் ஒரு துணிக்குள் அழுத்தமானி சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

மறுநாள் காலையில் படகு கிளம்பும் முன் அக்கா நாலு டம்ளரில் டீயோடு பட்டறைக்குள் வந்தாள். மேஜைமேல் தங்கையின் ரெகுலேட்டர், சிலிண்டரில் பூட்டி, அழுத்தமானி மாட்டித் தயாராக இருந்தது. முதலாளியையும் தங்கையையும் கூப்பிட்டு நிறுத்தியிருந்தாள்.

"டீ குடிங்க மாப்பிள்ளை. குடிச்சுக்கிட்டே அந்த முள்ளைப் பாருங்க."

அவன் ஒரு பார்வை பார்த்தான். "ஒன்பதரை. பார்த்தாச்சு. கழட்டுங்க, படகுக்கு நேரமாச்சு."

"டீ சூடா இருக்கு. மெதுவா குடிங்க."

நாலு வாய் உள்ளே போவதற்குள் முள் பத்தைத் தாண்டியது. அவன் அவசரமாகக் கை நீட்டிப் பொத்தானை அமுக்கினான். புஸ்ஸென்று காற்று போய் முள் இறங்கியது. "பாருங்க சார், சரியா நிக்குது."

"நீங்க தட்டிக் கொடுத்தா நிக்கும். தட்டிக் கொடுக்காம நிக்குதான்னு பாக்கணும். கையைப் பின்னாடி கட்டுங்க."

"என்ன அண்ணி, ஸ்கூல் பிள்ளை மாதிரி?"

"ஸ்கூல் பிள்ளைன்னா புத்தகத்தைப் படிச்சிருக்கும், மேஜைக்குக் கொடுத்திருக்காது. கட்டுங்க."

கட்டிக்கொண்டான். பத்து. பத்தரை. பதினொன்று. முதலாளி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பன்னிரண்டில் முள் ஒரு கணம் யோசித்தது. பதின்மூன்றைத் தொட்டதும் வாய்ப்பாகம் திறந்துகொண்டு ஓவென்று கத்தியது, சீட்டு படபடவென்று அடித்துக்கொண்டது.

அந்த நேரத்தில் அவன் என்ன செய்தான் தெரியுமா? சிலிண்டரை மூடவில்லை. மனைவி முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் கட்டியிருந்த கை தானாக முன்னால் வந்து, சட்டைப்பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை உருவி, நேராக அந்தத் திருகாணிக்குப் போனது. யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

தங்கை சிலிண்டரை மூடினாள். அறை அமைதியானது.

"கீழ வைங்க அதை."

"ஒரு அரைச்சுத்து, அவ்வளவுதான்..."

"ஒரு மாசமா எனக்கு மூச்சு சுருங்குனதும் அந்த அரைச்சுத்தாலதானே?"

அவன் ஸ்க்ரூடிரைவரைத் திரும்பச் சட்டைப்பையில் செருகினான்.

"சரி, நம்ம சாமான்தானே. நீங்களே மாட்டிக்கிட்டு இன்னிக்கு என்கூட முப்பது மீட்டர் இறங்குங்க."

"எனக்குத்தான் காது..."

"காதைக் கேட்கலை. இதுல மூச்சு விடுவீங்களா, மாட்டீங்களா?"

அவன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி படகை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். அன்று மத்தியானத்துக்குள் ஆணியில் தொங்கிய பதினொரு ரெகுலேட்டரையும் முள் வைத்துப் பார்த்தார்கள். ஏழு கத்தின. ஏழிலும் மஞ்சள் சீட்டு ஒழுங்காகக் கட்டியிருந்தது. முடிச்சுப் போடுவதில் மட்டும் ஒரு குறை சொல்லமுடியாது.

முதலாளி தங்கையிடம் மன்னிப்புக் கேட்டார். ஏழையும் பழைய மெக்கானிக்கம்மாவுக்கே அனுப்பி வைத்தார். அவை திரும்பி வந்த அன்று தங்கை கப்பல் கிடக்கிற இடத்துக்கு இறங்கினாள். கடைசி ஆளாக மேலே வந்தாள், தலையைப் பிடிக்காமல். அவனை வண்டி ஓட்ட வைக்கலாமா என்று முதலாளி ஒரு பேச்சுக்குக் கேட்டார். "பிரேக்ல சத்தம் வந்தா என்ன பண்ணுவாருன்னு யோசிச்சீங்களா சார்?" என்றாள் அக்கா. அதோடு அந்தப் பேச்சும் போயிற்று. இப்போது அவன் காலி சிலிண்டர் தூக்கிவைக்கிறான். திருகாணி இல்லாத வேலை.

போன வாரம் தங்கை ஒரு தச்சரைக் கூப்பிட்டு வாசல் கதவுக்குக் கீலை மாற்றினாள். கதவு திறக்கிறது, புதுசு என்பதால் லேசாகக் கீச்சென்கிறது. அந்தச் சத்தம் கேட்டு அவன் ஸ்க்ரூடிரைவரோடு எழுந்து வந்தான். அவள் வாசற்படியில் உட்கார்ந்து கையை மட்டும் நீட்டினாள். ஸ்க்ரூடிரைவரை அவள் கையில் வைத்துவிட்டுப் போனான்.

திருந்திவிட்டான் என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். தெருமுனையில் நின்று, "என் பொண்டாட்டிக்குத் தண்ணிக்குள்ள மூச்சு விடக் கத்துக்கொடுத்ததே நான்தான்" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.