பின் இடது சில்லு

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தில்லையடிப் பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தேன். மதிலோரம் ஒரு நீல நிறக் கார் நின்றது. என்னை அறியாமலே அதன் பின்பக்கம் குனிந்துவிட்டேன். இது என் பழக்கம். மற்றவர்கள் காரின் நிறத்தைப் பார்ப்பார்கள், நான் பின் டயரின் உள்விளிம்பைப் பார்ப்பேன். "கலியாண வீட்டுக்கு வந்தாலும் காருக்கு முன்னால குனிஞ்சிட்டு நிக்கிறீங்க, சனம் என்ன நினைக்கும்?" என்று மனைவி எத்தனையோ தரம் ஏசியிருக்கிறாள். முன்னால் அல்ல, பின்னால்தான் குனிகிறேன் என்று நானும் ஒவ்வொரு தரமும் திருத்துவேன்.

அந்தக் காரின் பின் இடது டயர் வெளியே புதிது போல இருந்தது. உள்விளிம்பில் ரப்பர் தின்று, கம்பி தெரியத் தொடங்கியிருந்தது. உள்ளங்கையை வைத்துத் தடவினேன். உள்ளிருந்து வெளியே தடவினால் வழுக்கியது, திருப்பித் தடவினால் அரத்தைப் போலக் கையைப் பிடித்தது. வெயிலில் காய்ந்த ரப்பர் மணம் மூக்கில் ஏறியதும் என் கண் கலங்கிவிட்டது. டயருக்கு அழுகிற மனிதனை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள்.

"என்ன நானா, ஏதும் விழுந்திட்டா?" என்று கேட்டுக்கொண்டு காருக்குரியவர் வந்தார். பாடசாலை ஆசிரியர் ஒருவர். எங்கள் பக்கம் அண்ணனை நானா என்போம்.

"டயரை மாத்தி வேலையில்ல மாஸ்டர். பின் அச்சு வளைஞ்சிருக்கும். கார யாரும் எங்கயாவது விழுத்தினாங்களா எண்டு வீட்டில கேட்டுப் பாருங்க" என்றேன். நாலு அடி போனவன் திரும்பி வந்து, "மெதுவாக் கேளுங்க" என்றும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். எனக்குத்தானே தெரியும்.

எனக்கு இது நடந்தது, யுத்தம் முடிந்து, மன்னாரில் எங்கள் பழைய ஊரான முசலிப் பக்கம் போகும் காட்டு வழி திறந்த காலத்தில். தொண்ணூறில் முஸ்லிம்களான எங்களை மன்னாரிலிருந்து வெளியேற்றியபோது உடுத்த உடுப்போடு புத்தளத்துக்கு வந்தவர்கள் நாங்கள். அகதி முகாமில் எங்கள் ஓலைக் குடிசைக்கும் என் கூட்டாளி நியாஸின் குடிசைக்கும் நடுவில் ஒரு கிடுகுத் தட்டிதான். அவன் உம்மா ஆக்கும் கறி எங்கள் கோப்பைக்கு வரும். எங்கள் உம்மா ஏசும் ஏச்சு அவன் காதுக்குப் போகும். வளர்ந்த பிறகு நான் ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கி, ஆள் ஏற்றி ஹயருக்கு ஓடினேன். நியாஸ் கற்பிட்டி வீதியில் டயர் கடை போட்டான். பாவித்த டயர்கள்தான். ஆனால் கெட்டதை நல்லதென்று விற்க மாட்டான். "மௌத்துக்குப் பிறகு கேள்வி ஈக்கிடா" என்பான், செத்த பிறகு அல்லாஹ்வுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம்.

சில்லுகள் நேராக ஓடுகின்றனவா என்று பார்க்கும் வேலையை எங்கள் பக்கம் எலைமென்ட் என்போம். எலைமென்ட் என்றால் அன்று எல்லோருக்கும் முன் சில்லு மட்டும்தான். திரும்புவது முன் சில்லு, ஆகவே பிழைப்பதும் முன் சில்லு என்று நம்பியிருந்தோம். பின் சில்லைப் பார்த்தவன் எனக்குத் தெரிய நியாஸ் ஒருவன்தான். மீன்பிடிக்கிற தங்கூசி நூலை முன் டயரிலிருந்து பின் டயர் வரை இழுத்துக் கட்டி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான். "என்னடா, கார்ல பாரை மீன் பிடிக்கிறியா?" என்று நான் பகிடி பண்ணுவேன்.

அவனிடம் ஒரு சோடி டயர் வாங்கிப் பின்னுக்குப் போட்டேன். இரண்டு மாதம் போகவில்லை. தலவில புனித அன்னம்மாள் கோயில் திருநாளுக்கு யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றை ஏற்றிப் போகையில், நுரைச்சோலைக்கு இந்தப் பக்கம் பின் இடது டயர் வெடித்தது. கார் ஒரு சுழற்று சுழன்று மணலில் நின்றது. யாருக்கும் கீறலும் இல்லை. "அன்னம்மா காப்பாத்திப் போட்டா தம்பி" என்று அந்த அம்மா அழுதா. "அல்ஹம்துலில்லாஹ்" என்று நான் அழுதேன். பின் சீட்டில் மூன்று சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் பயந்தான் எனக்குள் கோபமாகத் திரும்பியது.

வெடித்த டயரைத் தூக்கிக்கொண்டு நேரே நியாஸின் கடைக்குப் போனேன். கடையில் ஆறேழு பேர் நின்றார்கள். டயரை அவன் காலடியில் போட்டேன்.

"பழசுக்குக் கறுப்புப் பொலிஷ் பூசி எனக்கே வித்திருக்கிறாய், என்னடா?"

நியாஸ் குந்தியிருந்து உள்விளிம்பைத் தடவினான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான். "டயர்ல பிழையில்ல மச்சான். பின் சில்லு கோணலா ஓடுது. கார் எங்கயாவது விழுந்திச்சா?"

"என்ட கார் எங்கயும் விழேல்ல."

"வீட்டில ஒருக்காக் கேட்டுப் பாரன்."

"என்ட வீட்ட ஏன்டா இழுக்கிறாய்? வல்லாஹி, அந்தக் கார் எங்கயும் விழேல்ல, எதிலயும் அடிபடேல்ல. நீதான் கள்ளன்!"

வல்லாஹி. அல்லாஹ்வின் மீது ஆணை. எங்கள் ஆட்களிடம் அந்தச் சொல் வந்த பிறகு மேலே கதை கிடையாது. கடையில் நின்றவர்கள் நியாஸைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வெடித்த டயரை ஓரமாகச் சாய்த்து வைத்தான். "வல்லாஹி எண்டு சொல்லிட்டாய். சரி மச்சான், டயர்ல பிழையாவே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னான். உள்ளே போய் இருந்ததில் நல்ல சோடியாக எடுத்து வந்து, தன் கையாலேயே என் காருக்குப் பூட்டிவிட்டான். நான் ஒரு சலாம்கூடச் சொல்லாமல் வந்தேன். வீட்டிலும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஆனால் கதை பள்ளிவாசல் முற்றம் வரை போய்விட்டது. "வல்லாஹி போட்டுச் சொல்றான், அப்ப பொய்யா இருக்குமா?" என்றார்களாம். கடைக்கு ஆள் வரத்துக் குறைந்தது. சில மாதத்தில் நியாஸ் கடையை மூடிக்கொண்டு, மீள்குடியேறப் போனவர்களோடு முசலிக்குப் போய்விட்டான். எப்படியும் போகத்தானே இருந்தான் என்று மனம் எனக்குச் சாதகமாகச் சொல்லிப் பார்க்கும். நான் அதை நம்புவதில்லை.

அவன் தந்த சோடியும் தேய்ந்தது. அதே பின் இடது, அதே உள்விளிம்பு. டயர் மாறிவிட்டது, தேயும் இடம் மாறவில்லை. சிலாபத்தில் கம்பியூட்டரில் எலைமென்ட் பார்க்கும் இடம் புதிதாக வந்திருந்தது, கொண்டு போனேன். அங்கே வேலை செய்த சிங்கள ஐயா ஒருவர் திரையைக் காட்டி, "முன்னுக்கு ஒக்கம ஹரி. பின்னுக்குத்தான் வருத்தம்" என்றார். முன்னுக்கு எல்லாம் சரியாம். காரை மேலே உயர்த்தி, பின் அச்சில் வளைந்த இடத்தையும், கொங்கிறீட்டில் உரசிய வெள்ளைத் தழும்பையும் தொட்டுக் காட்டினார். "எங்கயோ நல்லா விழுந்திருக்கு மஹத்தயா."

பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடி இதைச் சொன்னேன். வாப்பாவின் கை பீங்கானிலேயே நின்றுவிட்டது.

"நான்தான் மகன்" என்றார்.

வாப்பா மன்னாரில் லொறி ஓடியவர். கண்ணில் பூ விழுந்த பிறகு தூரம் ஓட வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். நான் அந்த முதல் சோடியைப் போட்டுக் கொஞ்ச நாளில் காய்ச்சலில் கிடந்தபோது, குறிஞ்சிப்பிட்டியில் ஒரு மையத்து, அடக்கத்துக்குப் போகிறேன் என்று சொல்லிக் காரை எடுத்துப் போனவர், உண்மையில் காட்டு வழியால் முசலிக்குப் போயிருக்கிறார். எங்கள் வீட்டைப் பார்க்க. வீடு இல்லை, காடு மூடியிருந்ததாம். கிணறு மட்டும் இருந்ததாம். திரும்பி வரும்போது எழுவன்குளத்தில், கைப்பிடிச் சுவர் இல்லாத தாழ்ந்த சப்பாத்துப் பாலத்தில் விளிம்பு தெரியாமல் பின் இடது சில்லு கீழே இறங்கிவிட்டது. ஆட்கள் சேர்ந்து தூக்கி விட்டிருக்கிறார்கள்.

"நேர நியாஸிட்டத்தான் கொண்டு போனன். அவன் நூல் பிடிச்சுப் பாத்திட்டு, அச்சு வளைஞ்சிருக்கு, மகனுக்குச் சொல்லுங்க எண்டான். நானே சொல்றன், நீ சொல்லிப்போடாத, இது அமானத், உன்ன நம்பித் தாற பொறுப்பு எண்டன். இண்டைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு..." வாப்பா பீங்கானைத் தள்ளி வைத்தார்.

அன்று வாப்பா ஒரு கான் தண்ணீர் கொண்டு வந்தது நினைவு வந்தது. குறிஞ்சிப்பிட்டித் தண்ணீர், இனிப்பாக இருக்கும் என்று சொன்னார். உம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு மிச்சத்தை மூடி வைத்தா. இப்போது உம்மா சோற்றுச் சட்டியைப் பார்த்தபடி, "என்ட கிணத்துத் தண்ணிய எனக்குத் தெரியாதா?" என்றா. வீட்டில் தெரியாதவன் நான் ஒருவன்தான். வீட்டில் கேட்டுப் பார் என்று நியாஸ் சொன்னானே. வாப்பாவுக்குக் கொடுத்த வாக்கையும் உடைக்காமல், என்னையும் விடாமல், அவனால் சொல்லக்கூடியது அவ்வளவுதான். தேய்ந்துபோகும் என்று தெரிந்தே அந்த இரண்டாவது சோடியை ஏன் பூட்டினான் என்பதும் அப்போதுதான் விளங்கியது. அவன் வாயால் சொல்லக்கூடாததை டயர் சொல்லட்டும் என்று விட்டிருக்கிறான்.

மௌலவியிடம் போய் அழுதேன். "தெரியாமச் செஞ்ச சத்தியத்த அல்லாஹ் மன்னிப்பான். ஆனா ஒரு மனிசன்ட மானத்த எடுத்தீங்களே, அவருக்குப் பட்ட அந்தக் கடன, அந்த ஹக்க, அவர்தான் மன்னிக்கணும்" என்றார். மனம் கேளாமல் மூன்று நோன்பு பிடித்தேன். நாலாம் நாள் காலையில் முசலிக்குப் புறப்பட்டேன்.

நியாஸ் வீதியோரம் ஒரு தகரக் கொட்டிலில் சைக்கிள் ரியூப் ஒட்டிக்கொண்டிருந்தான். நான் சொல்ல வாயெடுத்ததும் எழும்பி வந்து கட்டிப்பிடித்தான்.

"மாப்புச் செஞ்சிட்டன். அண்டைக்கே செஞ்சிட்டன். அழாதீங்க. இருங்க, தேத்தண்ணி குடிங்க."

குடித்தேன். வாப்பாவின் சுகம் கேட்டான். பிள்ளைகளைக் கேட்டான். வழியனுப்பும்போது கார்க் கதவையும் சாத்திவிட்டு, "கவனமாப் போங்க" என்றான். நெஞ்சுப் பாரம் இறங்கிய மாதிரித்தான் இருந்தது. காட்டைக் கடந்து, வாப்பா விழுந்த அந்தப் பாலத்துக்கு வந்து சில்லை மெதுவாக ஏற்றும்போதுதான் சட்டென்று உறைத்தது. அழாதீங்க. இருங்க. குடிங்க. போங்க. கிடுகுத் தட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருபது வருசம் "வாடா, போடா" என்றவன்.

அவன் வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டான். அதுதான் இன்னும் வலிக்கிறது.

வாப்பா மௌத்தானபோது நியாஸ் ஜனாஸாவுக்கு வந்தான். என்னோடு சேர்ந்து சந்தூக்குக்குத் தோள் கொடுத்தான். "பொறுமையா இருங்க" என்றான். ஒன்றரை வருசத்தில் உம்மாவும் போய்விட்டா. அந்தக் கார் பழைய இரும்புக்குப் போனது. கற்பிட்டி வீதியில் அவன் கடை இருந்த இடத்தில் இப்போது போன் விற்கிறார்கள். அந்தக் காட்டு வழியும் அடைபட்டு, அநுராதபுரத்தால் சுற்றித்தான் மன்னாருக்குப் போக வேண்டியிருக்கிறது. இரண்டு பெருநாளுக்கும் நியாஸ் தவறாமல் போன் எடுப்பான். "சுகமா இருக்கிறீங்களா?" என்பான். ஓம் என்பேன்.

ஊரில் எனக்கு இப்போது நல்ல மரியாதை. நானா என்பார்கள், ஹாஜியார் என்பார்கள். என்னை "நீ" என்று கூப்பிட ஒருவரும் இல்லை.