நூற்றிருபதாவது மூட்டை

செந்தமிழ்ச்செல்வி என்று ஆசையாகத்தான் பெயர் வைத்தார் அவள் அப்பா. ஆனால் விதைச் சுத்திகரிப்புக் கூடத்தில் அதை முழுசாகக் கூப்பிட யாருக்குப் பொறுமை இருக்கிறது? செல்வி என்றால் போதும், தையல் மிஷின் சத்தத்தையும் மீறித் திரும்பிப் பார்ப்பாள். வில்லியனூர் சாலையில் இருக்கிற அந்தக் கூடத்தில் அவளுக்கு இது இருபத்திரண்டாவது வருஷம். மூலக்குளத்தில் இருக்கிற தன் வீட்டிலிருந்து நடந்தே வந்துவிடுவாள்.

காயவைத்துச் சலித்து, பதரும் கல்லும் போன நெல்லை இருபது கிலோ பையில் நிரப்பி, பை வாயோடு அட்டையையும் சேர்த்துத் தைப்பதுதான் வேலை. அட்டையில் நெல்லின் ரகம், குவியல் எண், முளைப்புத்திறன், சோதித்த தேதி எல்லாம் இருக்கும். அதோடு ஒவ்வொரு அட்டைக்கும் தனி எண் உண்டு. நாளைக்கு எந்த ஊர் வயலில் என்ன கோளாறு வந்தாலும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தால், எந்தத் தேதியில் எந்தக் குவியலிலிருந்து கட்டியது, தைத்த கை யாருடையது என்பது வரை பதிவேடு சொல்லிவிடும்.

அட்டை லேசுப்பட்ட சமாசாரம் இல்லை. விதைச் சான்று அலுவலகத்தில் எண்ணிக் கொடுப்பார்கள். ஒன்று மிஞ்சினாலும் கடிதம் எழுதித் திருப்பி ஒப்படைக்க வேண்டும், ஆய்வாளர் வந்து பார்க்கிறவரை அந்தக் குவியலை நகர்த்தக்கூடாது. மற்றவர்களுக்கு வருஷத்துக்கு ஒன்றிரண்டு மிஞ்சும். செல்விக்கு ஒருநாளும் மிஞ்சியதில்லை. மேலாளர் தெய்வசிகாமணி புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், "செல்வியம்மாவப் பாத்துக் கத்துக்கங்க, ஒரு அட்டை திரும்பி வந்ததா இதுவரைக்கும்?" என்பார். அவள் காதில் விழாதமாதிரி இருப்பாள். உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். அந்தப் பெருமைதான் அவளைக் கெடுத்தது, வேறு எதுவும் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன், ஒரு ஆடி மாசம். நாலரை மாத நெல், விதைப்பண்ணைக்காரர்களுக்குப் போகிற ஆதார விதை. நூற்றிருபது அட்டை வந்திருந்தது. சாயங்காலம் கடைசிப் பையைத் தராசில் வைத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ குறைகிறது. தரையில் சிந்தியதை அள்ளிச் சேர்க்கவும் முடியாது, சிந்தியது கோழித்தீவனத்துக்குத்தான் போகவேண்டும் என்பது கூடத்துச் சட்டம். பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக ஒரு அட்டை அவள் கையில் மிஞ்சப்போகிறது.

பக்கத்துத் தார்ப்பாயில் மறுநாள் கட்டுவதற்காக மூன்றரை மாத நெல் கொட்டிக் கிடந்தது. அதுவும் சுத்தம் செய்த விதைதான், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மற்றவர்கள் கைகால் கழுவப் போயிருந்தார்கள். செல்வி முறத்தில் ஒரு அள்ளு அள்ளிப் பையில் போட்டாள், முள் இருபதில் நின்றது, அட்டையை வைத்துத் தைத்துவிட்டாள். அரை நிமிஷ வேலை. ஒரு ஏக்கர் விதைப்பில் ஒரு அள்ளு நெல் என்ன செய்துவிடும் என்று நினைத்தாள். இத்தனை வருஷம் விதையோடு புழங்கியவள் அப்படி நினைத்தாள் என்பதை இன்றைக்கு அவளாலேயே நம்ப முடியவில்லை.

கார்த்திகையில் கமலா வந்தாள். பாகூர் பக்கத்துக்காரி, முதல்முறையாக விதைப்பண்ணை போட்டவள். பயிர் பூட்டை விட்டுக் கதிர் வெளியே வருகிற நேரத்தில் வயலெங்கும் கலவன் தலைகாட்டியிருந்தது. நல்ல பயிர் பச்சையாக நிற்க, நடுநடுவே வேறு ரகம் கதிர் முற்றித் தொங்கியது. எட்டு நாள் குனிந்து குனிந்து பிடுங்கியிருக்கிறாள். ஆய்வாளர் வந்து எண்ணிப் பார்த்துவிட்டுப் பண்ணையைத் தள்ளுபடி செய்துவிட்டார். கமலா அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தாள்.

தெய்வசிகாமணி அதை வாங்கி எண்ணைப் படித்தபோது செல்வி மிஷினை நிறுத்தினாள். கடைசி அட்டை.

பதிவேட்டைத் திறந்தார்கள். நூற்றிருபது அட்டை, நூற்றிருபது பை, மிச்சம் இல்லை. அந்தக் குவியலிலிருந்து எடுத்து வைத்திருந்த மாதிரி நெல்லைத் திரும்பச் சோதனைக்கு அனுப்பினார்கள், துளி கலப்பில்லை என்று வந்தது. வராமல் என்ன செய்யும்? குவியல் சுத்தமாகத்தானே இருந்தது. முடிவு சொல்லக் கமலாவைக் கூப்பிட்டிருந்த அன்றைக்கு, தெய்வசிகாமணி செல்வி பக்கம் திரும்பினார்.

"நீங்க தைச்ச பைதான இது? கட்டும்போது எதனா வித்தியாசமா இருந்துதா?"

"இல்ல சார். எல்லாம் சரியாத்தான் இருந்துது."

கேட்டது ஒரே ஒரு தடவை. பொய் சொன்னதும் ஒரே ஒரு தடவைதான். சொன்ன மாத்திரத்தில் அது அரசாங்கக் காகிதமாகிவிட்டது. பிறகு கமலாவைக் கேள்வி கேட்டார்கள். நாற்றங்கால் எங்கே போட்டாய்? வரப்போர மூலையில். அந்த மூலையில் போன பட்டம் என்ன நடந்தது? நெல் அடித்தோம். என்ன நெல்? மூன்றரை மாத நெல். அப்புறம் என்ன, சிந்திய மணி நாற்றோடு சேர்ந்து முளைத்திருக்கிறது என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

"எங்க வூட்டுக்காரரு ரெண்டு தண்ணி வுட்டு, சிந்துனத மொளைக்க வச்சு உழுதேன்னு சொன்னாரே சார்," என்றாள் கமலா.

"சொல்லுவாரும்மா. செஞ்சாரான்னு நீ பாத்தியா?"

கமலா பார்க்கவில்லை. அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று செல்வியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். திட்டிவிட்டுப் போயிருந்தால்கூடத் தேவலை.

அதற்குப் பிறகு செல்வி ஒழுங்காகத்தான் வேலை செய்தாள். இரண்டு அட்டை மிஞ்சி, கடிதம் எழுதித் திருப்பிக் கொடுத்தாள். தெய்வசிகாமணி சிரித்துக்கொண்டே, "செல்வியம்மாவுக்கும் வயசாவுது" என்றார். ஒரு அட்டையைத் திருப்பிக் கொடுப்பது அவ்வளவுதான், இரண்டு வரிக் கடிதம், ஒரு சிரிப்பு. இதற்கா பயந்தோம் என்று அன்றைக்கு மிஷின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். கண்ணில் தூசி என்று சொல்லிச் சமாளித்தாள்.

போன வைகாசியில் அவள் தெரு முனையில் இருக்கிற அடுக்குமாடிக்குப் புது வாட்ச்மேன் வந்தார். பேர் சாமிக்கண்ணு. போகவர ஒரு சிரிப்பு, ஒரு குசலம். எந்த ஊர் அண்ணே என்று ஒருநாள் கேட்டதற்குப் பாகூர் பக்கம் என்றார். நிலம் இருந்தது, குத்தகைக்கு விட்டாயிற்று, வீட்டுக்காரி கமலா நூறுநாள் வேலைக்குப் போகிறாள் என்றார். அன்றிலிருந்து நாலு மாசம் செல்வி பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். ஐம்பது வயசு தாண்டியவள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிற பிள்ளைமாதிரி சந்து சந்தாக நுழைந்து போனதை அந்தத் தெருவே பார்த்தது.

ஒருநாள் காலையில் தாங்க முடியாமல்போய் நேரே அவர் முன்னால் போய் நின்றாள். முறம், தார்ப்பாய், கடைசிப் பை, சார் கேட்டது, தான் சொன்னது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சாமிக்கண்ணு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் ஊருக்கு வந்து அவங்க கால்ல வுழறேன் அண்ணே. ஆபீஸ்லயும் எழுதிக் குடுத்துர்றேன்."

"ஆபீசுல எழுதிக் குடு. அது உன் பாடு," என்றார். "அவகிட்ட வராத. ரெண்டு வருஷம் எனக்குச் சோத்தப் போட்டுட்டு மூஞ்சத் திருப்பிக்குவா. தண்ணி வுடாத சோம்பேறின்னு ஒரு வார்த்தை, அதான் தெனமும். இந்தப் பொங்கலுக்குத்தான் பக்கத்துல வந்து ஒக்காந்து, போனா போவுது, நான் மறந்துட்டேன், நீயும் மறந்துருன்னா. இப்ப நீ போயி இதச் சொன்னா அவ இன்னா ஆவறது? அந்த ரெண்டு வருஷத்த எங்க கொண்டுபோயி வைப்பா?"

மன்னிப்புக் கேட்க வந்த வாசலும் அடைபட்டுப்போயிற்று, அடைத்தது செல்வியேதான். உள்ளேயிருந்து ஒரு கார் ஹாரன் அடித்தது. சாமிக்கண்ணு எழுந்து போய் கேட்டைத் திறந்துவிட்டு, கார் போனதும் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார். ஏதோ கேட்கக் கூச்சப்படுகிறவர்மாதிரி நின்றார்.

"அப்போ நான் தண்ணி வுட்டேன், இல்லம்மா? ரெண்டு தண்ணி. வுட்டுட்டுத்தான் உழுதேன். எல்லாரும் சொல்லச் சொல்ல, வுடலியோன்னு எனக்கே ஆயிப்போச்சு."

அந்த நாற்றங்காலைச் செல்வி கண்ணால் பார்த்ததில்லை. "வுட்டீங்க அண்ணே," என்றாள்.