பதினைந்தாவது இணைப்பு

இதை என் மனைவி பஸ்னாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பாள். நீங்களும் சிரிக்கலாம். ஆனால் அன்றைய வேலைப் பதிவில் நேரமெல்லாம் என் கையெழுத்தோடு அப்படியே இருக்கிறது.

போன ஜூன் மாதம். கண்டியில் பழைய குடிநீர்க் குழாய்களைத் தெருவைத் தோண்டாமல் புதுப்பிக்கும் வேலை. துருப்பிடித்த இரும்புக் குழாய்க்குள் பிசின் ஊறிய துணிக்குழாயை நுழைத்து, நீராவி விட்டு இறுக வைப்போம். அப்போது வீடுகளுக்குப் பிரியும் இணைப்புகளின் வாயெல்லாம் மூடிக்கொள்ளும். அந்தந்த இடத்தில் லேசாக ஒரு குழிவு மட்டும் தெரியும். கேமராவும் வெட்டுக்கத்தியும் பூட்டிய சின்ன இயந்திரத்தை உள்ளே விட்டு, வேனுக்குள் திரையைப் பார்த்தபடி ஒவ்வொரு வாயாக நான் திறக்க வேண்டும். இணைப்பு இல்லாத இடத்தில் வெட்டினால் முழுக் குழாயும் பாழ். என் வேலையும் போய்விடும்.

அன்று அம்பிட்டியவில். மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை தண்ணீர் வெட்டு. பட்டியலில் பதினான்கு இணைப்புகள்.

சரியாக 7.10. வேன் கதவில் தட்டும் சத்தம்.

அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். வெள்ளை முக்காடு. காலில் செருப்பு இல்லை.

“தம்பி, தண்ணி எத்தின மணிக்கு வரும்?”

“காலையில ஆறு மணிக்கு மாமி.”

“எங்கட வீட்டுக்கும் வரணும். மௌத்து வீடு. மையித்தக் குளிப்பாட்டணும்.”

மேட்டில் இருந்த வீட்டைக் காட்டினார். வரும் என்றேன். பிறகுதான் பட்டியலைப் பார்த்தேன். அந்த வீட்டு இலக்கமே அதில் இல்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது. கள்ள இணைப்புக்காக ஆட்கள் என்னென்ன கதை விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். இறங்கிப் பார்த்தேன். வீட்டில் ஒரே ஒரு மங்கல் பல்பு. வாசலில் ஆள் இல்லை, கதிரை இல்லை. எங்கள் ஆட்களில் ஒரு மௌத்து, ஒரு சாவு என்றால் பத்து நிமிடத்தில் தெருவே நிறைந்துவிடும். மௌத்தைச் சொல்லியா பொய் சொல்வது? எரிச்சலாக இருந்தது.

அந்த வீட்டுக்கு நீளமான படிக்கட்டு. முழுதும் என் கண்முன்னே. அதில் யாரும் ஏறவில்லை. தெருவிலும் அவர் இல்லை...

10.40. துணிக்குழாய் இறுகிவிட்டது. இயந்திரத்தை உள்ளே விட்டேன். 43வது மீட்டர், அந்த வீட்டுக்கு நேர் கீழே. ஒரு குழிவும் இல்லை. வழவழவென்று இருந்தது. நான் நினைத்தது சரிதான்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. கீழ்க் குழியில் நின்ற பொறியியலாளர் வரதராசாவுக்கு போன் எடுத்தேன்.

“ஐயா, மேட்டு வீட்டுக்கு இணைப்பு இருக்கா?”

“பட்டியல்ல என்ன கிடக்கு?”

“பதினாலு.”

“ஓம், பதினாலுதான். கூட ஒண்டும் வெட்டிப்போடாதையும்.”

11.25. பதினான்கையும் திறந்து முடித்தேன். இயந்திரம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

டொக்.

திரையிலிருந்து வந்தது. எங்கள் கேமராவுக்கு மைக் கிடையாது.

டொக்... டொக்...

43.6 மீட்டர். இயந்திரம் தானாக நின்றது.

அங்கே ஒரு குழிவு.

வேனை விட்டுக் குதித்தேன். மேலே வீடு முழுக்க வெளிச்சம். யாரோ பிளாஸ்டிக் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அழுகைச் சத்தம்.

அப்படியானால் அவர் பொய் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. வெட்டாவிட்டால் விடியக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. பிழையாக வெட்டினால் என் வேலை இல்லை.

பிஸ்மில்லா சொன்னேன். வெட்டினேன்.

துளையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வீட்டுக் குழாயில் தேங்கி நின்ற தண்ணீர். இணைப்பு உண்மைதான்.

காலை 7.30. மேலே ஏறிப் போனேன். இறந்தவரின் மூத்த மகன் மர்சூக் என் கையைப் பிடித்துக்கொண்டார். குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறதாம்.

“ராவைக்கு ஒங்கட வீட்டு மாமி வந்து சொன்னாங்க. அதாலதான் வெட்டினேன்.”

“எந்த மாமி? இந்த வீட்டுல உம்மா மட்டும்தான் பொம்புள.”

கிராம சேவகரிடம் மரணத்தை அறிவிக்க, தாயின் அடையாள அட்டையை மர்சூக் கையில் வைத்திருந்தார். பெயர் அபீபா. படத்தைப் பார்த்தேன்...

இரவு வேன் கதவைத் தட்டிய அதே முகம்.

“இவங்க... நடந்து...”

“உம்மா எட்டு மாசமா படுக்கையில. நேத்து ராவு இஷாத் தொழுகைக்குப் பொறகு, எட்டு மணி போல, என்ட கையாலதான் கஞ்சி குடிச்சா.”

“எத்தின மணிக்கு மௌத்து?”

“பதினொண்ணேகால்.”

மையித்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும் என்று அவர் என்னிடம் கேட்டது ஏழு பத்துக்கு.

அப்போது அந்த வீட்டில் யாரும் இறந்திருக்கவில்லை.